மறுக்க முடியாத கடனாளி: ஃபிளாரன்ஸின் பார்டி குடும்பம்

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெரிய இடத்து விண்ணப்பம்தான் உண்மையான சோதனை. சிறு கடைக்காரரிடம் மூன்றாண்டுக் கணக்கையும் ஜாமீனையும் கறாராகக் கேட்கும் அதே அதிகாரி, ஊரறிந்த நிறுவனத்தின் கோப்பு மேசைக்கு வந்தால், பெயரைப் பார்த்தே பாதிக் கேள்விகளை விட்டுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இந்தப் பழக்கத்துக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர்களுள், 1346இல் திவாலான, இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து வணிக வங்கியாளர்களான பார்டி குடும்பத்தினரும் உண்டு.

ஆர்னோ ஆற்றின் தென்கரையில் பார்டிகளின் மாளிகைகள் வரிசையாக நின்ற தெரு இன்றும் அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது. துணி, கம்பளி, தானிய வணிகத்தோடு வட்டித் தொழிலையும் சேர்த்து நடத்திய அவர்களுக்கு லண்டன், புரூஜ், பாரிஸ், நேப்பிள்ஸ், சைப்ரஸ் எனப் பல இடங்களில் கிளைகள் இருந்தன. எழுத்தாளர் பொக்காச்சியோவின் தந்தை நேப்பிள்ஸில் இவர்களுடைய முகவராக இருந்தார். சாந்தா குரோச்சே தேவாலயத்தில் ஓவியர் ஜொத்தோ வரைந்த புனித பிரான்சிஸின் வாழ்க்கைக் காட்சிகள் இந்தக் குடும்பத்தின் சிற்றாலயச் சுவர்களில்தான் உள்ளன.

கூட்டாளிகள் போட்ட முதல் ஒருபுறம் இருக்க, பிரபுக்களும் மதகுருமாரும் நகரவாசிகளும் கொடுத்து வைத்த வைப்புத்தொகையே தொழிலைப் பெருக்கியது. வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவமென்று விலக்கியிருந்ததால், வட்டி பெரும்பாலும் அன்பளிப்பு என்றோ நஷ்டஈடு என்றோதான் பேரேட்டில் ஏறியது. (கணக்குத் தலைப்பை மாற்றி உண்மையை மறைக்கும் வித்தை நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.)

இவர்கள் இங்கிலாந்து அரசருக்குக் கடன் கொடுத்தது வட்டிக்கு ஆசைப்பட்டு மட்டும் அல்ல. ஃபிளாரன்ஸின் துணித் தொழிலுக்கு இங்கிலாந்தின் கம்பளி இன்றியமையாதது; அதை ஏற்றுமதி செய்யும் உரிமமும் அதன்மீதான சுங்க வருமானமும் அரசரின் கையில் இருந்தன. கேட்ட கடனை மறுத்தால் உரிமம் போய்விடும். ஏற்கெனவே கொடுத்த கடனும் வராது. எனவே பழைய கடனைக் காப்பாற்றப் புதிய கடன், அதைக் காப்பாற்ற மேலும் ஒரு கடன் என்று தொகை ஏறிக்கொண்டே போனது. நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாத கடனாளியிடம் சுங்க வருமானத்தை ஈடாகப் பெறுவதும் காகிதத்தில் மட்டுமே ஈடு. அதை நிறுத்திவிடும் அதிகாரமும் அவரிடமே இருந்ததல்லவா?

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. இத்தாலியின் லூக்கா நகரத்து ரிக்கார்டி நிறுவனம், இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு போருக்குப் பணம் கேட்டபோது கொடுக்க இயலாமல் போனதால் 1294இல் அவரது ஆதரவை இழந்து நொடித்தது. அடுத்து வந்த ஃபிளாரன்ஸின் ஃபிரெஸ்கோபால்டி குடும்பம் 1311இல் இங்கிலாந்திலிருந்து விரட்டப்பட்டது. 1326இல் லண்டனில் பார்டிகளின் இல்லத்தையே கும்பல் சூறையாடியது. ஒரே கடனாளி வம்சத்திடம் தமக்கு முன் இருவர் கையைச் சுட்டுக்கொண்டதைத் தெரிந்துகொண்டே மூன்றாவதாக உள்ளே போனவர்கள் பார்டிகள்.

1337இல் பிரான்சுடன் போர் மூண்டபின் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் கடன் வெகுவாகப் பெருகியது. பார்டிகளுக்கு அவர் 9,00,000 பொன் ஃபுளோரின் பாக்கி வைத்திருந்தார் என்று வரலாற்றுக் குறிப்பாளர் ஜொவான்னி வில்லானி எழுதுகிறார். ஒரு ஃபுளோரின் சுமார் மூன்றரை கிராம் தங்கம் என்பதால் இது மூன்று டன்னுக்கும் மேல். இத்தொகை மிகைப்படுத்தப்பட்டது என்று இக்கால ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அதுவே எனக்கும் நம்பத் தக்கதாகப் படுகிறது. அரசர் ஒருவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியல்ல. லூக்காவைக் கைப்பற்ற நடந்த வீண்போரால் ஃபிளாரன்ஸ் கடனில் மூழ்கியது. 1342இல் நகரத்தின் அரசியல் சாய்வில் ஐயம் கொண்ட நேப்பிள்ஸ் பிரபுக்கள் வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்டு நெருக்கினார்கள். நீண்டகாலக் கடனாகச் சிக்கிய பணத்தை, கேட்டவுடன் கொடுக்க வேண்டிய நிலையில் எந்த வங்கியாலும் தாக்குப்பிடிக்க முடியாது. 1343இல், பார்டிகளைப் போலவே அரசருக்குக் கடன் கொடுத்திருந்த ஃபிளாரன்ஸின் பெருசி நிறுவனம் விழுந்தது. அவ்வாண்டுக் கலவரத்தில் பார்டிகளின் மாளிகைகளை மக்கள் கொள்ளையிட்டுத் தீ வைத்தனர்.

பார்டிகளும் திவாலான பின் வந்த இறுதித் தீர்வில், அவர்களிடம் பணம் கொடுத்து வைத்தவர்களுக்கு, 20 சோல்தி கொண்ட ஒவ்வொரு லிராவுக்கும் 9 சோல்தி 3 தெனாரி (12 தெனாரி ஒரு சோல்தி) தருவதாக முடிவானது என்கிறார் வில்லானி. அதாவது நூற்றுக்கு 46 அளவே. இதை எழுதிய வில்லானியே, தாம் கூட்டாளியாக இருந்த புவோனக்கோர்சி நிறுவனம் திவாலானதால் சிறை சென்றவர்.

ஒரே கடனாளியிடம் வங்கி எவ்வளவு மாட்டிக்கொள்ளலாம் என்பதற்கு இன்று வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பேசல் குழு, முதல்நிலை மூலதனத்தில் (பெரும்பாலும் பங்குதாரர்களின் முதலும் சேர்த்துவைத்த லாபமும்) 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. பார்டிகளுக்கு அப்படி ஒரு கோடு இல்லை. வைப்பாளர்கள் தம் பணம் எந்தக் கடனாளியிடம் போகிறது என்று கேட்டறிய வழியும் இல்லை. இன்றைய வைப்பாளருக்கோ வங்கியின் ஆண்டறிக்கையைப் படித்துப் பார்க்கவாவது முடிகிறது.

நிறுவனம் போனாலும் குடும்பம் அழியவில்லை. வெர்னியோ சிற்றரசு 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அவர்களிடமே இருந்தது. 1397இல் தொடங்கிய, ஃபிளாரன்ஸின் மெடிச்சி குடும்பத்து வங்கியின் தொடக்கக் கூட்டாளிகளுள் பெனெதெத்தோ தெ பார்டி ஒருவர். ஒரு கிளையின் நஷ்டம் மற்றொன்றைத் தாக்காதபடி மெடிச்சிகள் ஒவ்வொரு கிளையையும் தனித்தனிக் கூட்டு நிறுவனமாக அமைத்திருந்தார்கள். ஆனாலும் அவர்களுடைய லண்டன் கிளை நான்காம் எட்வர்டுக்குக் கம்பளி ஏற்றுமதி உரிமத்துக்காகவே கடன்மேல் கடன் கொடுத்து, 1470களில் மூடப்பட்டது.