தாளிப்புக் கரண்டியில் ஒளிந்திருக்கும் நெய்

கும்பகோணத்தில் 15 வருடமாகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். போன தை மாதம் ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீகன்: பால், தயிர், நெய், தேன் எதுவும் ஆகாது. "ரசத்துல நெய் இல்லைதானே?" என்று கேட்டார். "இல்லை தம்பி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனால், நெய்யில் முந்திரி வறுத்த கரண்டியைத் துடைக்காமலே பையன் கடுகு போட்டிருக்கிறான். ஈயச்சொம்பில் அவருக்குத் தனியாக ரசம் வைத்துக் கொடுத்தேன்.

நம் ஊரில் சைவம் என்றால் பாலும் நெய்யும் அதில் அடக்கம். சமையல்காரர்கள் பொய் சொல்வதில்லை. தாளிக்கிற நெய் அவர்கள் கணக்கிலேயே வராது. கொள்கைக்காகத் தவிர்ப்பவருக்கு இது மனக்கஷ்டம். பால் ஒவ்வாமை உள்ளவருக்கோ ஆபத்து. உருக்கிய நெய்யிலும் கொஞ்சம் பால் புரதம் தங்கியிருக்கும்.

சரி, நெய்க்குப் பதில் அதே அளவு எண்ணெய் ஊற்றினால் ஏன் சப்பென்று இருக்கிறது? நெய்க்குத் தனி மணம் உண்டு. தாளிப்பு அரைகுறையானாலும் மூடி மறைத்துவிடும். எண்ணெய் மறைக்காது. தவிர, நெய் ஏறக்குறைய 250 டிகிரி வரை தாங்கும். செக்கு நல்லெண்ணெய் 180 டிகிரியை ஒட்டியே புகைய ஆரம்பிக்கும். புகைந்தால் கசப்புதான்.

அதனால் இரும்புக் கரண்டியில் 2 ஸ்பூன் நல்லெண்ணெய், மிதமான தீ. முதலில் கட்டிப் பெருங்காயத் துண்டைப் போட்டு, அது பொரிந்து உப்பியதும் எடுத்துப் பொடித்துக்கொள்வேன். அப்புறம் ஒரே ஒரு கடுகு. பட்டென்று வெடித்தால் மீதியையும் போடுவேன். வெடிப்பு ஓய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். சீரகம், கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலைக்கு இரும்பில் மிச்சமிருக்கும் சூடே போதும். ரசத்தில் கொட்டி, பெருங்காயப் பொடியைத் தூவி, உடனே மூடி 2 நிமிடம். மணம் ஆவியோடு போய்விடக் கூடாது.

வெண்பொங்கல்தான் கஷ்டம். ஊறவைத்த முந்திரியை அரைத்துச் சேர்த்து, மிளகைப் பாதியாக உடைத்துக் கடலை எண்ணெயில் பொரிக்கிறேன். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் பாலக்காட்டு வாசனை வந்துவிடும். நம் பந்திக்கு ஒத்துவராது. கடப்பாவுக்கு இந்தக் கவலையே இல்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் அரைத்த தேங்காயும்தான் அது. சோம்பு, பட்டை தாளிப்பதும் எண்ணெயில்தான்.

இப்போது வீகன் சமையலுக்கென்று தனிக் கரண்டி, காம்பில் செம்புக்கம்பி சுற்றி வைத்திருக்கிறேன். பையன்கள் அதற்கு 'மாப்பிள்ளைக் கரண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.