சென்சார் இருந்தால் மோட்டார் போடலாமா?

இந்த மழைக்கும் அதே புகார். வடசென்னையில் ஒரு தெருவில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை. போய் நின்றால், “லைன்ல சென்சார் மாட்டினீங்களே சார், அது ஏன் சொல்லலை?” என்கிறார்கள். எத்தனை தெருவில்தான் இதற்குப் பதில் சொல்வது? இங்கேயே விளக்கிவிடுகிறேன்.

நீங்கள் சென்சார் என்று சொல்வது, வால்வுக் குழியில் காந்தத்தால் ஒட்டிவைக்கும் ஒலி லாகர் என்ற கருவி. அதற்குக் கேட்க மட்டும்தான் தெரியும். பிரஷரோடு வரும் தண்ணீர் ஓட்டை வழியே பீறிடும் சத்தத்தை அது பதிவு செய்யும். இரண்டு லாகர்களுக்கு அந்தச் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துக் கசியும் இடத்தைக் கணக்கிடுவோம். ஆனால் நம் தெருக்களில் தண்ணீர் விடுவதே சில மணி நேரம்தான். மீதி நேரம் பிரஷர் இல்லாத குழாயில் எந்தச் சத்தத்தைக் கேட்பது? அழுக்கு உள்ளே வருவதும் அப்போதுதான். தண்ணீர் விடும்போது வெளியே கசிகிற அதே ஓட்டை, நிறுத்தியதும் சுற்றித் தேங்கிய சாக்கடையை உள்ளே விடுகிறது.

இதில் லைனில் நேராக மோட்டார் போட்டு இழுப்பவர்கள் வேறு. தண்ணீர் ஓடும் நேரத்திலும் பிரஷரைக் குடித்துவிடுகிறீர்கள். நீங்கள் இழுப்பதில் பக்கத்து வீட்டுக்காரர் பங்கு மட்டுமல்ல, மண்ணுக்குள் நிற்கும் கழிவுநீரும் வருகிறது. எந்தச் சென்சாரும் இதைத் தடுக்காது.

கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம் தொடங்கியது 1914இல். பழைய பகுதிகளில் அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. இரும்பு சத்தத்தை நன்றாகக் கடத்தும். நடுவில் உடைந்த துண்டை எடுத்துவிட்டு பிவிசி போட்டு மூடினால் சத்தத்தின் வேகமே மாறி, கணக்கு தப்பி, வேறு இடத்தில் ரோட்டைத் தோண்டுவோம். துறை நண்பர்களே, எங்கே, எத்தனை அடிக்கு, என்ன குழாய் போட்டீர்கள் என்று தயவுசெய்து வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு: மோட்டாரை லைனிலிருந்து கழற்றுங்கள். சம்பில் தானாக விழட்டும், அங்கிருந்து ஏற்றிக்கொள்ளுங்கள். முதலில் வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துப் பார்க்காமல் சம்புக்கு விடாதீர்கள். குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சோதிக்கும் சொட்டு மருந்து கடையில் கிடைக்கிறது. வாடை வந்தால் சமையலுக்குக்கூடத் தொடாதீர்கள்.

அப்புறம், புகார் சொல்லும்போது ‘நாறுது’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். தண்ணீர் விட்டதும் கொஞ்ச நேரம் மட்டும் நாறியதா, கடைசி வரை நாறியதா, பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று சொல்லுங்கள். எங்கே தோண்டுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.