சாய்வுக்கு அலகு உண்டு, கோட்டுக்கு எல்லை உண்டு

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் இரு புள்ளிகளைக் கொடுத்து அவற்றை இணைக்கும் கோட்டின் சாய்வை, அதாவது கிடையாக ஓர் அலகு நகரும்போது கோடு எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கேட்டால், இராமநாதபுரம் கடலோரத்தில் என்னிடம் கணிதம் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் சரியான விடையை எழுதிவிடுகிறார்கள். அந்த விடைக்கு என்ன பொருள் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. மதிப்பெண் வந்துவிடுவதால் பெற்றோர் கண்ணுக்கு இந்தக் குறை தெரிவதில்லை. மேல்நிலை வகுப்பில் இயற்பியலில் திசைவேகமும் கணிதத்தில் வகையிடலும் வரும்போது, நன்றாகப் படித்த பிள்ளைகளே தடுமாறுகிறார்கள். அவை இரண்டும் சாய்வு என்ற கருத்தின் மேல்தான் எழுந்து நிற்கின்றன.

வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் ஒரு வீட்டின் செலவை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் மணிக்கு 4 லிட்டர் டீசல் குடிக்கிறது, ஒரு லிட்டர் 90 ரூபாய், ஐஸுக்கும் சாப்பாட்டுக்கும் 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 5 மணி நேர ஓட்டத்துக்கு 2,600 ரூபாயும் 8 மணி நேர ஓட்டத்துக்கு 3,680 ரூபாயும் ஆகும். மாணவர்களிடம் டீசல் விலையையோ ஐஸ் செலவையோ சொல்லாமல், இந்த இரு புள்ளிகளை மட்டும் கொடுத்தேன். 1,080ஐ 3ஆல் வகுத்து 360 என்று எல்லோரும் எழுதினார்கள். 360 என்றால் என்ன என்று கேட்டதற்கு, சூத்திரத்தில் சாய்வைக் குறிக்கும் எழுத்தைச் சொல்லி, “எம், சார்” என்றாள் ஒரு மாணவி. மேலே உள்ள 1,080க்குப் பக்கத்தில் ரூபாய் என்றும், கீழே உள்ள 3க்குப் பக்கத்தில் மணி என்றும் எழுதச் சொன்னேன். எழுதி முடிப்பதற்குள் அவளே, “ஒரு மணி நேரம் கூட ஓடுனா 360 ரூபாய் கூடும் சார்” என்றாள். அலகை எழுதிய பிறகுதான் அந்த எண் அவளுக்குப் பேசியது. அதனால்தான் விடைத்தாளில் கேட்காவிட்டாலும் சாய்வுக்கு அலகு எழுதும் பழக்கத்தை நான் வற்புறுத்துகிறேன்.

ஒய் = எம்எக்ஸ் + சி என்று மனப்பாடம் செய்த சமன்பாடு இங்கே செலவு = 360 × மணி + 800 என்று ஆகிறது. வெட்டுத்துண்டாகிய 800, எஞ்சினைத் தட்டாமல் கரையிலேயே நின்றாலும் கையை விட்டுப் போய்விட்ட பணம். மாறும் செலவு எது, மாறாத செலவு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு, குறைந்தது எவ்வளவு மீன் பட்டால் கட்டுபடியாகும் என்ற கேள்விக்கும் வழி கிடைத்துவிடுகிறது.

சாய்வின் குறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் மண்டபத்திலிருந்து ஏறும்போது சாய்வு மிகை, உச்சியில் பூச்சியம், இறங்கும்போது குறை. நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வைப் பூச்சியம் என்று எழுதும் பிழைதான் அடிக்கடி வருகிறது. அங்கே வகுக்கும் எண் பூச்சியமாகிவிடுவதால் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை.

ஆனால், ஒரு கோடு எதுவரை செல்லுபடியாகும் என்ற கேள்வியைப் பாடப்புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இதை வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தை வைத்து விளக்குவது எனக்கு எளிதாக இருக்கிறது. உப்பு நீரின் அடர்த்தியை அளக்கும் பூமே என்ற அளவீட்டில் கடல் நீர் ஏறக்குறைய 3 டிகிரி. அது 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. அந்த நிலையில் முதலில் இருந்த நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். உண்மையில் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக்கொண்டே போவார்கள் என்றாலும், கணக்குக்காக 300 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரே பாத்தியில் தேக்கிய நீர் நாளுக்கு 6 மில்லிமீட்டர் வற்றுகிறது என்று கொள்வோம். ஆழம் = 300 − 6 × நாள். இருபத்தைந்தாம் நாளில் நீர் பாதியாகியிருக்கும். உப்பு அப்படியே இருப்பதால் டிகிரி ஏறக்குறைய இரண்டு மடங்காகி 6ஐத் தொட்டிருக்கும்.

இப்போது மாணவர்களிடம் டிகிரிக்கும் ஒரு நேர்க்கோடு வரையச் சொல்லுங்கள். 25 நாளில் 3 டிகிரி கூடியது என்றால், 25 டிகிரிக்கு வர 180 நாளுக்கு மேல் ஆகும் என்று அந்தக் கோடு சொல்லும். ஆழத்தின் கோடோ 45ஆம் நாளிலேயே நீர் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்றும், 50ஆம் நாளில் பாத்தி காய்ந்துவிடும் என்றும் சொல்கிறது. ஒரே பாத்தியைப் பற்றி இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுவதைக் கண்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆழம் சீராகக் குறைந்தாலும் டிகிரி சீராக ஏறுவதில்லை. நீர் குறையக் குறைய அது மேலும் மேலும் விரைவாக ஏறுகிறது, ஆகவே அதன் வரைபடம் மேல்நோக்கி வளைகிறது. ஆழத்தின் கோடும் முழுக்க நம்பத்தக்கதன்று, ஏனென்றால் நீரில் உப்பு செறியச் செறிய ஆவியாதல் மெதுவாகிறது. கடைசி நாட்களில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் வற்றாது.

இரண்டு புள்ளிகள் இருந்தால் எப்போதும் ஒரு கோடு வரைந்துவிடலாம் என்பதால், அளவுகள் நேர்க்கோட்டில் அமைகின்றனவா என்று அறிய மூன்றாவது, நான்காவது புள்ளிகள் வேண்டும். எனவே என் வகுப்பில் இத்தகைய கணக்குகளுக்குக் குறைந்தது ஐந்து அளவுகளைக் குறித்த பிறகே அளவுகோலை எடுக்க வேண்டும். சமன்பாட்டுக்குக் கீழே அது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை பொருந்தும் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். வீட்டில் பிள்ளையின் கணக்கு நோட்டைப் புரட்டும் பெற்றோரும் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்குக் கணிதம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.