சீரொளி மயிர்க்குறைப்பு: 'லேசர் முடி நீக்கம்' என்னும் வழக்கைப் பற்றி

'லேசர்' என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து ஆக்கப்பட்ட பெயர். கதிர்வீச்சைத் தூண்டி உமிழச் செய்வதன் வழியாக ஒளியைப் பெருக்குதல் என்பது அவ்வைந்து சொற்களும் சேர்ந்து தரும் பொருள். 1917இல் ஐன்ஸ்டைன் வகுத்த கோட்பாட்டிலிருந்து கிளைத்த இக்கருவிக்கு, 1957ஆம் ஆண்டு கோர்டன் கூல்டு என்ற அமெரிக்க இயற்பியலாளர் தம் குறிப்பேட்டில் இந்தப் பெயரை எழுதிவைத்தார். 1960 மே 16ஆம் நாள், கலிபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் ஒரு செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசர் ஒளியை உண்டாக்கிக் காட்டினார்.

தமிழில் இதற்குச் 'சீரொளி' என்ற சொல் வழங்குகிறது. விளக்கின் ஒளியில் பல நிற அலைகள் தத்தம் போக்கில் கலந்து பரவுகின்றன. லேசரிலோ ஒரே நிறத்து அலைகள் ஏற்ற இறக்கம் மாறாமல், ஒரே திசையில், சீராகச் செல்கின்றன. அந்தச் சீர்மையே பெயராக அமைந்திருப்பதால், ஆங்கிலப் பெயரைக் காட்டிலும் இது கருவியின் இயல்பை நன்றாகவே சொல்கிறது என்பது என் கருத்து. ஆங்கிலப் பெயரில் ஒளிந்திருக்கும் 'கதிர்வீச்சு' என்ற சொல் நம் வீட்டுப் பெரியவர்களை அச்சுறுத்துவதும் உண்டு. கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. முடியைக் குறைக்கப் பயன்படும் சீரொளி, கண்ணுக்குத் தெரியும் சிவப்பிலும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பிலும் அடங்கும் ஒளி. ஊடுகதிரைப் போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அது செய்வதெல்லாம் சூடாக்குவதுதான்.

அந்தச் சூடு எங்கே ஏறுகிறது என்பதில்தான் இம்முறையின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. மயிருக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி சீரொளியை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய ஒளி நொடியின் சிறு பகுதிக்குள் வெப்பமாகி, மயிரின் தண்டு வழியே இறங்கி, மயிர்க்காலில் புதிய மயிரை வளர்க்கும் உயிரணுக்களைச் சுடுகிறது. விட்டுவிட்டுப் பாய்ச்சும் ஒளித்துடிப்பின் நேரத்தைச் சரியாக வரையறுத்தால், வெப்பம் சுற்றியுள்ள தோலுக்குப் பரவுமுன் குறித்த இலக்கை மட்டும் தாக்கலாம் என்பதை ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இரு மருத்துவர்கள் 1983இல் விளக்கினர். சிகிச்சை மேசையில் படுத்திருப்பவருக்கு இந்தக் கோட்பாடெல்லாம், ரப்பர் வளையத்தை இழுத்துத் தோலில் விட்டதுபோன்ற ஒரு சுரீர் வலியாகவும், உடனே அதை ஆற்றும் குளிர்ந்த கருவிமுனையாகவும், மயிர் பொசுங்கும் மெல்லிய வாடையாகவும் மட்டுமே தெரியும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் மேலெழுந்து உதிரும்.

இனி 'முடி நீக்கம்' என்ற பகுதியைப் பார்க்கலாம். விளம்பரங்களில் இதற்கு முன் 'நிரந்தர' என்ற அடைமொழியும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இக்கருவிகள் பலவற்றுக்கு ஏற்றுக்கொண்ட சொல்லோ நிரந்தர 'குறைப்பு' என்பதே. ஒரு தொடர் சிகிச்சைக்குப் பின் வளரும் மயிரின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறைந்து நிற்கும் என்பது அதன் பொருள். ஒன்றுகூட முளைக்காது என்பதன்று. மயிர்க்கால்கள் வளர்ச்சி, பின்வாங்கல், ஓய்வு என்று சுழற்சியில் இயங்குகின்றன. வளர்ச்சிப் பருவத்தில் இருப்பவற்றையே சீரொளி நன்கு தாக்கும். ஆகவே நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு முறையோ அதற்கு மேலோ செய்ய வேண்டியிருக்கிறது. பின்னரும் அவ்வப்போது ஒருமுறை தேவைப்படலாம். இதனால் 'சீரொளி மயிர்க்குறைப்பு' என்று எழுதுவதே நேர்மையானது எனக் கருதுகிறேன். 'மயிர்' என்று எழுதக் கூசுபவர்கள் உண்டு. ஆயினும் மயிர்க்கால், மயிர்க்கூச்சு, மயிரிழையில் உயிர்தப்புதல் என்று நாளிதழ்களும் கூசாமல் எழுதுகின்றன.

யாருக்கு ஏற்றது என்ற கேள்விக்கும் விடை அந்த நிறமியிலேயே இருக்கிறது. கறுத்துத் தடித்த மயிரும் வெளிறிய தோலும் இருந்தால் வேலை எளிது. நம்மவருக்கு மயிர் கறுப்பு, தோலும் மாநிறம் அல்லது கறுப்பு. தோலிலுள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், தவறான கருவி கொப்புளத்தையும் மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டுகளையும் உண்டாக்கிவிடும். 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் கருவி வெளிர்நிறத் தோலுக்கு உகந்தது. மாநிறத்துக்கு 810 நானோமீட்டர் அளவிலான டையோடு கருவியைக் கவனமாகப் பயன்படுத்துவர். கருந்தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் கருவியே பாதுகாப்பானது. மேல்தோலின் நிறமி அந்த அலைநீளத்தைக் குறைவாக உறிஞ்சுவதால் ஒளி ஆழத்துக்கு இறங்குகிறது. எந்தக் கருவி, எத்தனை நானோமீட்டர் என்று சிங்கப்பூரின் தேக்காவிலோ ஆர்ச்சர்ட் சாலையிலோ உள்ள நிலையங்களில் கேட்பதில் தயக்கமே வேண்டாம். 'ஐபிஎல்' என்று வழங்கும் முறை பல அலைநீளங்கள் கலந்த ஒளித்துடிப்பு. அது சீரொளி ஆகாது, கருந்தோலுக்கு இடரும் கூடுதல். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெயில் கடுமையாகவே இருப்பதால், வெயிலில் கறுத்த தோலோடு சிகிச்சைக்குப் போகாதிருப்பதும், இடையில் வெயில்காப்புப் பூச்சை விடாதிருப்பதும் இங்கே இன்னும் முக்கியம். சிகிச்சைக்கு முன் மழித்துக்கொள்ளலாம். ஆனால் மெழுகிட்டோ நூலாலோ பிடுங்கிவிட்டால், ஒளியை வேருக்குக் கொண்டுசெல்லும் மயிரே இல்லாமல் போய்விடும்.

இங்குள்ள கட்டாயப் படைப்பணியான தேசியச் சேவையில் நாள்தோறும் மழித்து, மயிர் உள்நோக்கி வளர்ந்து கழுத்தெல்லாம் கட்டிகளோடு தவிக்கும் இளைஞர்களுக்கு இம்முறை உண்மையான நிவாரணம் தரக்கூடியது. முகவாயில் திடீரென்று அடர்த்தியாக மயிர் வளரும் பெண்கள், அழகு நிலையத்துக்கு முன் பலதுறை மருந்தகத்துக்குச் செல்வது நல்லது. சினைப்பை நீர்க்கட்டி போன்ற ஹார்மோன் காரணம் இருந்தால், அதைக் கவனிக்காமல் மயிரை மட்டும் குறைத்தால் மீண்டும் வளரும். சிலருக்கு முகத்திலும் கழுத்திலும் சிகிச்சைக்குப் பின் மயிர் கூடுதலாக வளர்வதும் அறியப்பட்ட பக்கவிளைவே. கருவுற்றிருப்பவர்கள் பொதுவாகத் தள்ளிப்போடுவர். பச்சை குத்திய இடத்தின் மேலும், புருவத்துக்குக் கீழே கண்ணையொட்டியும் இதைச் செய்யக் கூடாது.

நரைத்த மயிருக்குச் சீரொளியால் பயன் இல்லை. உறிஞ்ச அங்கே நிறமி இல்லை. அதற்கு உரியது மின்னாற்பகுப்பு. நுண்ணிய ஊசியை ஒவ்வொரு மயிர்க்காலிலும் இறக்கி மின்னோட்டம் செலுத்த, அங்குள்ள உப்பும் நீரும் பகுபட்டுக் காரம் உண்டாகி வேரை அழிக்கின்றன. ஒவ்வொன்றாகச் செய்வதால் நேரம் மிகப் பிடிக்கும் என்றாலும், மயிரின் நிறமும் தோலின் நிறமும் அதற்குப் பொருட்டில்லை. 'நிரந்தர நீக்கம்' என்ற சொல்லும் அதற்கே பொருந்தும்.