படம் கீறினால் துக்கம் எப்படி இளகுகிறது?

2004 டிசம்பர் 26 காலை சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தபோது, இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, இந்தப் பக்கம் மட்டக்களப்பில் கல்லடி, நாவலடி என்று கரையோரம் முழுக்க, ஒரே வீட்டில் மூன்று நான்கு பேரை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. முகாம்களில் பிள்ளைகளுக்குத் தாளும் கலர் பென்சிலும் கொடுத்தபோது, "வீடு வாசலே போய்விட்டது, படம் கீறி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு மூளையிலிருந்துதான் பதில் தொடங்க வேண்டும்.

பெரும் பயத்தில் மூளையின் அமிக்டலா என்ற பகுதி உச்சத்தில் வேலை செய்யும். நடந்ததற்கு நேரமும் இடமும் குறித்து ஒழுங்காக அடுக்கிவைக்கும் ஹிப்போகாம்பஸ் அப்போது தடுமாறும். அதனால் நினைவு ஒரு கதையாகப் பதிவதில்லை. இரைச்சல், சேற்று மணம், கையை விட்டு நழுவிய ஒரு கை என்று துண்டு துண்டாகத் தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1996இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்றில், மனவடு உள்ள எட்டுப் பேருக்கு அவர்களுடைய கொடிய அனுபவத்தையே வாசித்துக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். காட்சியைக் கையாளும் பகுதிகள் விழித்துக்கொண்டன. பேச்சுக்குச் சொல் கோக்கும் புரோக்கா பகுதி மந்தமானது. "ஒன்றும் சொல்ல வருகுதில்லை" என்று ஒரு தாய் சொல்வது வெறும் பேச்சில்லை, உடலில் நடப்பதுதான்.

காட்சியாகத் தங்கியதைக் காட்சியாகவே வெளியே எடுப்பது சுலபம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் குரொஸ், ஹார்லின் ஹெய்ன் இருவரும் சின்னப் பிள்ளைகளிடம் பயந்த, அழுத, மகிழ்ந்த நேரங்களைப் பற்றிக் கேட்டார்கள். படம் கீறிக்கொண்டே பேசிய பிள்ளைகள், வெறுமனே பேசியவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சொன்னார்கள். கீறிய ஒரு கோடு அடுத்த நினைவை இழுத்து வருகிறது. பெரியவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை, கண் தாளில் இருக்கும்.

அப்புறம், தாளுக்கு நான்கு ஓரம் இருக்கிறது. தலைக்குள் கேட்காமலே வரும் அலை, தாளில் பிள்ளை கீறிய அளவில்தான் நிற்கும். முதல் நாட்களில் தென்னையைவிட உயர்ந்த அலை, கறுப்பு கிறேயோனை அழுத்தித் தேய்த்துத் தாளே கிழிந்துபோகும். அதே படம் மாற்றமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் துக்கம் அங்கேயே சிக்கிக் கிடக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஒருநாள் அலையின் ஓரத்தில் ஒரு தோணி, மரத்தில் ஏறிய ஒரு ஆள் என்று ஏதாவது புதிதாகச் சேர்ந்தால், அந்த நினைவின் மீது பிள்ளைக்குக் கொஞ்சம் பிடி கிடைத்திருக்கிறது.

மனதில் உள்ளதையெல்லாம் கொட்டித் தீர்த்தால்தான் ஆறும் என்ற எண்ணம் மட்டும் தவறு. ஜெனிபர் டிரேக், எலன் வின்னர் என்ற உளவியலாளர்களின் ஆய்வுகளில், சோகத்தையே கீறியவர்களைவிட அதற்குச் சம்பந்தமில்லாத வேறொன்றைக் கீறியவர்களுக்கே மனம் கூடுதலாகத் தேறியது. அவர்கள் ஆராய்ந்தது ஆய்வுக்காக வரவழைத்த, கொஞ்ச நேரச் சோகங்களை. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம். ஆனாலும் சுனாமியில் தாயை இழந்த பிள்ளை பூவும் வண்ணத்துப்பூச்சியும் கீறினால், "உண்மையை மறைக்குது" என்று யாரும் கவலைப்பட வேண்டாம். துக்கத்தோடு கொஞ்ச நேரம், வாழ்க்கையோடு கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போவதுதான் ஆரோக்கியமான துயர் என்று 1999இல் துயர் பற்றிய ஆய்வாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் எழுதினார்கள். நம்முடைய செத்த வீட்டிலும் இப்படித்தானே: ஒரு பக்கம் ஒப்பாரி, ஒரு பக்கம் தேத்தண்ணி, எட்டுச் செலவுக்கு அரிசி வாங்கும் பேச்சு.

மிகக் கடினமானது, உடல் கிடைக்காத இழப்பு. கடல் கொண்டுபோனவருக்குக் கொள்ளியும் இல்லை, மையவாடியில் ஒரு கபுறும் இல்லை. இறந்துவிட்டார் என்று மனம் ஒப்பாது. வருவார் என்றும் நம்ப முடியாது. அங்கே கையால் செய்த ஒரு பொருள் பெரிய உதவி. அவர் கட்டிய சாரன் துணியில் தைத்த ஒரு உறை, அவருக்காக வனைந்த ஒரு மண் விளக்கு. துக்கத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் கிடைக்கிறது. உருவம் கீற விரும்பாத குடும்பங்களுக்குத் தையலும் பன் பாய் இழைப்பதும் நன்றாகவே பொருந்தும். ஒரே தாளத்தில் கை ஓடும்போது மூச்சும் நிதானப்படும், பக்கத்தில் இருப்பவரோடு பேச்சும் தானாக வரும்.

மட்டக்களப்புக்கு இது புதிதுமில்லை. சுனாமிக்கு முன்பே, 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவில் யுத்தம் பாதித்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து களிமண், நிறம், கதை என்று வேலை செய்தார்கள்.

கூட இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பதில்தான் பாதி மருந்து. கறுப்பு நிறம் என்றால் மனச்சோர்வு என்று சாத்திரம் சொல்லக் கூடாது. பெட்டியில் மிஞ்சியது அந்த ஒரு கிறேயோனாக இருக்கலாம். அலையைக் கீறச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. கேட்காமல் கண்காட்சியில் மாட்டுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். "இதைப் பற்றிச் சொல்லுங்க மகள்" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். சொல்லாவிட்டாலும் சரி.

ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், எழுந்து அன்றாட வேலை பார்க்கவே முடியாமல் இருந்தால், அதை நீடித்த துயர் நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இதற்கெல்லாம் கலர் பென்சில் மட்டும் போதாது, ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.