ஒரே ரசீது எண், இரண்டு நன்கொடையாளர்கள்

திருமங்கலம் பக்கம், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காக இயங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் கணக்குகளைத் தணிக்கைக்குத் தயார் செய்யப் போயிருந்தபோது, ஒரே எண்ணிட்ட இரண்டு நன்கொடை ரசீதுகள் என் கைக்கு வந்தன. இரண்டும் ஒரே நாள் காலையில் அச்சிடப்பட்டவை; பெயர்களும் தொகைகளும் மட்டும் வேறு. ஏதோ மோசடி என்று முதலில் செயலாளர் பதறிவிட்டார். உண்மையில் யாரும் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை. படிவத்தைத் திறந்தவுடனே கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் புதிய எண்ணைக் காட்டும்படி, மைக்ரோசாஃப்டின் அக்சஸ் மென்பொருளில் செய்த அவர்களுடைய தரவுத்தளம் அமைக்கப்பட்டிருந்தது. கணக்காளரும் களப் பொறுப்பாளரும் ஒரே சமயத்தில் தத்தம் கணினியில் படிவத்தைத் திறந்ததால், இருவருக்கும் ஒரே எண் கிடைத்துவிட்டது.

நன்கொடை தருவோருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும் 80ஜி வரிச்சலுகை உள்ள நிறுவனங்களில் இது சிறிய விஷயமன்று. 2021-22 நிதியாண்டு முதல் நன்கொடையாளர் விவரப் பட்டியலை அடுத்த மே 31-க்குள் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் என்றும் விதி வந்தபின், ரசீதுகளைச் சரிபார்க்கும் வேலையை மே மாதக் கடைசி வாரத்திற்குத் தள்ளிவைப்பது ஆபத்தாகிவிட்டது. இதற்கான திருத்தமோ மிக எளிது: ரசீது எண்ணைப் படிவம் திறக்கும்போது தராமல் பதிவைச் சேமிக்கும் கணத்தில் தர வேண்டும், அந்த எண்ணைப் பதியும் புலத்தில் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் வைக்க வேண்டும், சேமித்த பிறகே அச்சிட வேண்டும்.

அடுத்து, அந்தக் கோப்பு எங்கே இருந்தது என்று பார்த்தேன். செயலாளருடைய கணினியின் பகிர்வுக் கோப்புறையில் ஒரே கோப்பு. அதையே மூவரும் நேரடியாகத் திறந்து வேலை செய்தார்கள். ஒருவர் மடிக்கணினியில், வைஃபை வழியாக. அக்சஸ் கோப்பை ஒரே நேரத்தில் 255 பேர் வரை பயன்படுத்தலாம், கோப்பு 2 ஜிபி வரை வளரலாம் என்பவை ஏட்டளவில் உள்ள எல்லைகள். மூன்று பேர் இருந்தாலே கோப்பு கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன். காரணம், அக்சஸில் தரவைக் கையாளும் இயந்திரம் ஒரு சர்வரில் இருந்துகொண்டு எல்லோருடைய கோரிக்கைகளையும் வாங்கிச் செய்வதில்லை. அவரவர் கணினியில் இயங்கி, தொலைவில் இருக்கும் கோப்புக்குள் நேராகவே எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு நொடி அறுந்தாலும், சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனாலும், பாதி எழுதிய பக்கத்துடன் கோப்பு நின்றுவிடும். மின்வாரியம் மாதந்தோறும் முன்கூட்டி அறிவித்துச் செய்யும் மின்நிறுத்தத்தைவிட, அறிவிக்காமல் போகும் ஐந்து நிமிடம்தான் எனக்குப் பயம்.

ஆகவே கோப்பை இரண்டாகப் பிரித்தோம். அதற்கான கருவி அக்சஸிலேயே இருக்கிறது. அட்டவணைகள் மட்டும் உள்ள தரவுக் கோப்பு பகிர்வுக் கோப்புறையில் இருக்கும். படிவங்களும் அறிக்கைகளும் உள்ள முகப்புக் கோப்பின் தனித்தனிப் பிரதி ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். மடிக்கணினிக்கும் கேபிள் இழுத்தோம். தரவு இருக்கும் கணினிக்கும், கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் யுபிஎஸ் வைத்தோம். தரவுக் கோப்பைத் திறக்கும்போது அதன் பக்கத்தில் முளைக்கும் சிறிய பூட்டுக் கோப்பைக் குப்பை என்று நினைத்து அழிக்கப் பார்க்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னேன். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அக்சஸ் அதில்தான் குறித்துக்கொள்கிறது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் தரவுக் கோப்பைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. அவை கோப்பை முழுசாகப் பிரதி எடுத்து ஒத்திசைக்கின்றனவே தவிர, யார் எந்தப் பதிவைத் திருத்துகிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது.

இருவர் ஒரே பதிவைத் திருத்தும்போது என்ன ஆகும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. அக்சஸின் இயல்பான அமைப்பில், திருத்தும் பதிவு பூட்டப்படுவதில்லை. பிந்திச் சேமிப்பவருக்கு மட்டும் ‘வேறொருவர் இதை மாற்றியிருக்கிறார்’ என்று ஒரு பெட்டி வரும். அதில் முதல் பொத்தானை யோசிக்காமல் அழுத்தினால் முந்தியவர் செய்த திருத்தம் சுவடில்லாமல் அழிந்துவிடும். உறுப்பினர் கடன் தவணை போன்ற படிவங்களிலாவது ‘திருத்தும் பதிவைப் பூட்டு’ என்ற அமைப்புக்கு மாற்றிவிடுவது நல்லது.

கடைசியாக, யார் எதைப் பார்க்கலாம் என்ற கேள்வி. 2007-இல் வந்த புதிய கோப்பு வடிவத்தில், ஆளுக்கொரு அனுமதி தரும் பழைய வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது; இருப்பது கோப்புக்கு ஒரே கடவுச்சொல் மட்டுமே, அதுவும் நான் போன அலுவலகங்களில் பெரும்பாலும் சுவரில் ஒட்டியிருந்தது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் நோய் விவரமும் உள்ள கோப்பைப் பென்டிரைவில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்ற நிலை, எண்வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்ட இன்றைக்குச் சரிப்படாது. அப்படிப்பட்ட விவரங்களைக் கையாளும் நிறுவனம், பணியாளர் எண்ணிக்கை எவ்வளவாயினும், தரவை மைசீக்வல் அல்லது போஸ்ட்கிரெஸ்சீக்வல் என்ற தரவுத்தள சர்வருக்கு மாற்றி, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனி அனுமதியும் தர வேண்டும் என்பதே என் கருத்து. இரண்டும் இலவசம், பழகிய அக்சஸ் படிவங்களை ஓடிபிசி என்ற இணைப்பு வசதி வழியாக அவற்றோடு இணைத்துத் தொடர்ந்து பயன்படுத்தவும் முடியும். திருமங்கலம் அலுவலகத்தில் உறுப்பினர்களின் ஆதார் எண்களை மட்டும் இப்போதைக்கு அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டோம். மற்ற மாற்றங்களை அடுத்த தணிக்கைக்குள் முடிப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார்.