தபோங் அமானா: நம்பிக்கை நிதியா, கட்டளை நிதியா?

பூங்கா போன்ற ஒரு குறித்த காரியத்துக்கென மலேசிய அரசுக் கணக்கில் தனியே வைக்கும் பணம் மலாய் மொழியில் ‘கும்புலான் வாங் அமானா’. பேச்சில் ‘தபோங் அமானா’. தபோங் என்றால் மூங்கில் குழாய். அதுவே உண்டியலுக்கும் பெயரானது. அமானா அரபுச் சொல்: பத்திரமாக வைத்திருக்கும்படி ஒருவரிடம் ஒப்படைத்த பொருள். பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் ‘அமானிதம்’ என்பது இதைத்தான்.

தமிழில் ‘நம்பிக்கை நிதி’ என்று எழுதுகிறார்கள். இலங்கையில் ‘ஊழியர் நம்பிக்கை நிதியம்’ என நிலைத்துவிட்டதால் அங்கே குழப்பமில்லை. கோலாலம்பூர் வாசகரோ யார்மேல் என்ன நம்பிக்கை என்று கேட்பார். ‘அறக்கட்டளை’யும் ஒட்டாது, இன்றைய வழக்கில் அது அமைப்பின் பெயர், பணத்தின் பெயரல்ல.

சொல் கோயிலிலேயே இருக்கிறது. உபயம் ஒருநாள் செலவோடு முடியும். கட்டளை அப்படியல்ல, மூலதனத்தைப் போட்டு வைத்து, அதன் வரவில் குறித்த காரியத்தை ஆண்டுதோறும் நடத்துவது. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, பெரும்பாலும் 96 ஆடுகள் விடுவார்கள். பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. கிழ ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. விளக்குக்குப் போவது நெய் மட்டுமே. ஆகவே ‘பொதுக் கட்டளை நிதி’ என்பதே எங்கள் பரிந்துரை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இதே ஏற்பாடு எண்ணெய், எரிவாயு உரிமைத்தொகையில் நடக்கிறது. நிலம் வாங்கவும் பொழுதுபோக்கு இடங்களை மேம்படுத்தவும் 1976இல் ஒரு நிதி; மாநிலப் பூங்காக்களுக்கென்றே 1994இல் இன்னொன்று. இரண்டாவதன் மூலதனத்துக்கு 80 கோடி டாலர் இலக்கு. அதிலிருந்து செலவிடுவதில் குறைந்தது 20 விழுக்காடு பூங்கா மேம்பாட்டுக்குப் போகவேண்டும் என்று 2020 வாக்கெடுப்பு விதித்தது. இல்லையென்றால் அன்றாடப் பராமரிப்பே பணத்தைத் தின்றுவிடும், கழிப்பறையும் நடைபாதையும் பழசாகவே கிடக்கும்.

மலேசியாவில் இதற்கு அடிப்படை 1957ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டம். பொதுமக்கள் தரும் பணத்துக்குப் பிரிவு 9. அரசே உருவாக்கும் நிதிக்குப் பிரிவு 10. நிதி நிறுவும் பத்திரத்தில் நோக்கவரியை முதலில் பாருங்கள். ‘பூங்கா மேம்பாடு’ என்று மொட்டையாக இருந்தால் அலுவலகக் குளிர்சாதனமும் அதில் அடங்கிவிடும். அடுத்து, பணம் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று பாருங்கள். நுழைவுக் கட்டணத்தை ‘ஹாசில்’, அதாவது வருவாய் என்று பதிந்துவிட்டால் அது பொதுக் கருவூலத்தில் கலந்துவிடும். பிறகு வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கினால்தான் பூங்காவுக்குத் திரும்பும். அமானா கணக்கில் ஏறிய பணம் ஆண்டு முடிந்தாலும் காலாவதியாகாது.

இன்னொரு வழுக்கல் இரண்டு உயிரெழுத்தில். ‘நெகிரி’ மாநிலம், ‘நெகாரா’ நாடு. இரண்டும் நகரி, நகரம் என்னும் சமஸ்கிருதச் சொற்களின் வழிவந்தவை. பேராக்கின் ரோயல் பெலும், 1,17,500 ஹெக்டேர், ‘தாமான் நெகிரி’: மாநிலப் பூங்கா; மாநிலப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. பினாங்கின் தெலுக் பஹாங்கில் (Teluk Bahang) 2003இல் அறிவிக்கப்பட்டதோ ‘தாமான் நெகாரா’. பினாங்கு மண்ணில் இருந்தாலும் 1980ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டத்தின்கீழ் கூட்டரசு வனவிலங்குத் துறை நடத்துவது. அதை ‘மாநிலப் பூங்கா’ என்று பெயர்த்தால், அங்கே வாங்கும் சீட்டுக் காசுக்கு மாநில அரசிடம் கணக்குக் கேட்டு நிற்போம்.